ஹத்தீன் போரை மணலில் நடத்துவது எப்படி

சலாகுத்தீன் பாடத்தை ஜூலை மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். கச்சான் காற்று சுழன்றடித்து, குளத்து அலைகரை வெடித்துக் கிடக்கும் காலம் அது. எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட அந்தக் குர்திய சுல்தான் சிலுவைப்படையை ஹத்தீனில் முறியடித்ததும் 1187 ஜூலை 4ஆம் நாள்தான். முதல் வருடம் நான் அதை ஐப்பசி மழையில் படிப்பித்தேன். பிள்ளைகள் ஆண்டை மட்டும் பாடமாக்கினார்கள்.

வேம்பின் கீழே ஐந்து முழ நீளத்துக்கு மணலைப் பரப்புங்கள். கிழக்கு முனையில் ஒரு சட்டியைப் புதைத்துத் தண்ணீர் நிரப்பினால் திபேரியா ஏரி. மேற்கு முனையில் ஒரு சிரட்டைத் தண்ணீர்: சிலுவைப்படையின் ஜெருசலேம் மன்னன் கீ பாளையமிட்டிருந்த சஃபூரியா ஊற்று. இடையில் துரான் ஊற்றுக்குப் போத்தல் மூடி போதும். ஏரிக்குச் சற்று மேற்கே இரண்டு கொம்புகளாக மணலைக் குவியுங்கள், அதுதான் ஹத்தீன் குன்று. சஃபூரியாவிலிருந்து ஏரிக்குத் தூரம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். கிளிநொச்சியிலிருந்து மாங்குளத்துக்கு இரும்புச் சட்டையோடு நடப்பதாகச் சொல்லுங்கள், தலைகள் நிமிரும்.

சிலுவைப்படைக்குப் புளியங்கொட்டை, சுல்தானுக்கு வேப்பங்கொட்டை. முதலில் ஒரு பிடி வேப்பங்கொட்டையால் ஏரிக்கரையிலுள்ள திபேரியாக் கோட்டையைச் சூழுங்கள். அது தூண்டில். கோட்டைக்குள் அகப்பட்டவர் மன்னன் பக்கத்திலிருந்த திரிப்பொலிப் பிரபு ரேமண்டின் மனைவி. அப்படியிருந்தும் அதை மீட்கப் போகவேண்டாம் என்று மன்னனைத் தடுத்தவர் அந்த ரேமண்டேதான். இங்கே நிறுத்தி, மன்னனின் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். என் வகுப்பில் கடைசி வாங்குப் பிள்ளை ஒருத்தி, “தண்ணீரை விட்டுவிட்டு யாராவது போவார்களா, டீச்சர்?” என்றாள். பாதிப் பாடம் அதிலேயே முடிந்துவிட்டது.

ஜூலை 3 காலை புளியங்கொட்டைகள் புறப்படட்டும். துரானைத் தாண்டியதும் அந்த ஊற்றைப் பின்னாலிருந்து மறித்துவிடுங்கள். அன்றிரவு அவர்கள் வறண்ட மேட்டில் கிடந்தார்கள். சலாகுத்தீனின் ஆட்களுக்கோ ஒட்டகங்கள் தோற்பைகளில் தண்ணீர் சுமந்து வந்தன. காய்ந்த புல்லுக்கு அவர்கள் வைத்த நெருப்பை வாயால் மட்டும் சொல்லுங்கள். கச்சானில் ஒரு சருகு போதும், பள்ளிக்கூட வேலியே போய்விடும். பாடம் முடியும்வரை தண்ணீர் குடிக்கக் கூடாது என்றும் விதிக்காதீர்கள். நான் விதித்து, ஒரு பிள்ளைக்குத் தலை சுற்றிவிட்டது. தாகத்தை வன்னிப் பிள்ளைகளுக்கு நாம் கற்றுக்கொடுக்கத் தேவையுமில்லை.

கடைசியில் சிரட்டையைக் கையில் எடுங்கள். தோற்றுப் பிடிபட்ட கீக்குச் சுல்தான் குளிர்ந்த நீர் கொடுத்தார். தண்ணீர் கொடுத்த கைதியைக் கொல்லக் கூடாது என்பது அவர்களின் வழக்கம். கீ குடித்துவிட்டு அதை ரெனால்டிடம் நீட்டினான். சுல்தானோடு இருந்த உடன்படிக்கையை மீறி வணிகக் கூட்டங்களைக் கொள்ளையடித்த சிலுவைப்படைப் பிரபு அந்த ரெனால்ட். அவனுக்குத் தான் கொடுக்கவில்லை என்று சொன்ன சுல்தான், தம் கையாலேயே அவனை வெட்டினார். பிடிபட்ட தெம்பிளர் என்ற துறவிப் படை வீரர்களும் கொல்லப்பட்டார்கள். இதை மறைத்துவிட்டு அவரை வெறும் நல்லவராகக் காட்டாதீர்கள்.

அதே ஆண்டு அக்டோபர் 2இல் ஜெருசலேம் சுல்தானுக்குப் பணிந்ததற்கு மணல் வேண்டாம், கரும்பலகை போதும். மீட்புப் பணம் ஆணுக்கு 10 தினார், பெண்ணுக்கு 5. கட்டியவர்கள் வெளியேறினார்கள், வழியற்ற ஆயிரக்கணக்கானோர் அடிமைகளானார்கள். கொட்டைகளை எண்ணித் திருப்பி வாங்குங்கள், அடுத்த வகுப்புக்கும் வேண்டும்.