"இந்தியர்களிடம் நடந்த ஆய்வு" என்று வந்தால் அதை எப்படிப் படிப்பது?

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாரத்துக்கு ஒன்றாவது வந்துவிடுகிறது. "இந்தியர்களிடம் நடத்திய ஆய்வில் நிரூபணம், இதைச் சாப்பிட்டால் சர்க்கரை குறையும்" என்று ஒன்று, "இந்த முறையில் படித்த பிள்ளைகளின் மதிப்பெண் கூடியதாக ஆய்வு சொல்கிறது" என்று இன்னொன்று. நம் நாட்டு ஆட்களை வைத்துச் செய்தது என்றதும் நமக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. அந்த நம்பிக்கையில் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், கடன் வாங்கிப் பிள்ளையைக் கோச்சிங்கில் சேர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். புள்ளியியல் படித்திருக்க வேண்டியதில்லை, அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

முதலில் மூலக் கட்டுரையைத் தேடிப் பிடியுங்கள். எந்த நிறுவனம், எந்த ஜர்னல், எந்த ஆண்டு, மூன்றுமே இல்லாத செய்தியோடு மல்லுக்கட்ட வேண்டாம், விட்டுவிடலாம். கட்டுரை கிடைத்தால் முடிவுக்குத் தாவாமல், ஆய்வை எப்படிச் செய்தார்கள் என்ற பகுதியில் தொடங்குங்கள். அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, யாரை எண்ணினார்கள்?

ஒரு நல்ல ஆய்வை வைத்தே பார்ப்போம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, 2006-இல் வெளிவந்தது. மொத்தம் 531 பேர். யாருக்கும் சர்க்கரை நோய் வந்திருக்கவில்லை, ஆனால் வரும் எல்லையில் நின்றவர்கள். சராசரி வயது 46-ஐ ஒட்டி, சராசரி பி.எம்.ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண்) 25.8. இதே கேள்விக்காக அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில் பி.எம்.ஐ சராசரி 34. ஒல்லியாக இருக்கும்போதே நமக்குச் சர்க்கரை வருகிறது என்பதால் அங்கே கிடைத்த விடையை அப்படியே இங்கே எடுத்துவர முடியாது, இங்கேயும் செய்து பார்க்கத்தான் வேண்டும். சரி, 531 பேரில் ஆண்கள் எத்தனை? 421. பெண்கள் 110. மொத்தத்தில் இவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகிற நடுத்தர வர்க்கத்தினர். வயல்வேலை செய்யும் 60 வயது அம்மாவுக்கு இந்த விடை எவ்வளவு தூரம் பொருந்தும் என்று யோசித்துப் பார்க்காமல் 'இந்தியர்களுக்கு' என்று சொல்லிவிட முடியாது.

அடுத்தது எண்ணைப் படிக்கும் விதம். மூன்று ஆண்டுகளில், வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது. உணவையும் நடையையும் மாற்றச் சொல்லித் தொடர்ந்து கவனித்த குழுவில் 39.3 சதவீதம். இதைக் கட்டுரை 28.5 சதவீதக் குறைவு என்று சொல்கிறது. அது 55-ஐ வைத்துப் போட்ட விகிதம், கணக்குச் சரிதான். ஆனால் நமக்குத் தேவையான கணக்கு வேறு. 100 பேரை மூன்று ஆண்டு இப்படித் தொடர்ந்து கவனித்தால் ஏறக்குறைய 16 பேர் அந்தக் காலத்துக்குள் தப்புகிறார்கள், 39 பேருக்கு அப்போதும் வருகிறது. 16 என்பது பெரிய விஷயம், யாரும் சும்மா என்று ஒதுக்க முடியாது. ஆனால் 'நடந்தால் வராது' என்று யாராவது சொன்னால் அந்த 39 பேரை நினைத்துக்கொள்ளுங்கள். நடந்தும் வந்துவிட்டதே என்று தன்னையே நொந்துகொள்ளும் எத்தனையோ பேருக்கு இந்த எண்ணைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையையும் இந்த உணவு, நடை மாற்றத்தையும் சேர்த்துக் கொடுத்த குழுவில் 39.5 சதவீதம், அதாவது இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் பலன் தெரியவில்லை. கட்டுரையின் அட்டவணை வரை போகிறவர் கண்ணில்தான் இது படும்.

மூன்றாவது கேள்வி, யாரோடு ஒப்பிட்டார்கள்? இதற்குச் சென்னையிலேயே பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. 1956-இல் சேத்துப்பட்டு காசநோய் மையம் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதி சானடோரியத்துக்கு, அதாவது காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனைக்கு, மறு பாதி வீட்டுக்கு. இருவருக்கும் ஒரே மருந்து. ஓய்வும் சத்தான சாப்பாடும் நல்ல காற்றும் இல்லாமல் காசநோய் குணமாகாது என்று உலகமே நம்பிய காலம் அது. வீட்டில் இருந்தவர்களோ நெரிசலான குடியிருப்பில், குறைந்த உணவில். யார் எங்கே என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்கவில்லை, குலுக்கல் முறையில் முடிவானது. அதனால்தான் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே பலன் என்று தெரிந்தபோது உலகம் ஒப்புக்கொண்டது. கூடவே, வீட்டில் உடன் இருந்தவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றியதா என்றும் ஆண்டுக்கணக்கில் பார்த்தார்கள், தொற்றவில்லை.

கல்வி ஆய்வுகளில் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். ஜூனில் 40 மதிப்பெண், டிசம்பரில் 55, எங்கள் முறையால் வந்தது என்பார்கள். ஆறு மாதம் பள்ளிக்குப் போன பிள்ளை எப்படியும் கொஞ்சம் முன்னேறியிருக்கும். அந்த முறையில் சேராத, மற்றபடி அதே மாதிரியான பிள்ளைகள் எவ்வளவு ஏறினார்கள் என்று சொல்லாவிட்டால் அது விளம்பரம்தான். டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற பாடம் கற்பிக்கும் மென்பொருளைப் பற்றி நடந்த ஆய்வில் 619 மாணவர்களுக்கிடையே குலுக்கல் போட்டு, வென்றவர்களுக்கு மட்டும் மையத்தில் இலவச இடம் கொடுத்தார்கள். நாலரை மாதத்தில், இடம் கிடைக்காதவர்களைவிடக் கணக்குப் பாடத்தில் 0.37 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதை அளக்கும் அலகு) கூடுதல் முன்னேற்றம். அதாவது 100 பேரில் நடுவில் நிற்கும் பிள்ளை சுமார் 14 பேரைத் தாண்டி மேலே போகிறது. நல்ல முன்னேற்றம். ஆனால் கவனியுங்கள், அந்த மையத்தில் மென்பொருளோடு சிறு குழுவாக உட்கார வைத்துப் பாடம் சொல்லித்தர ஆளும் இருந்தார். செல்போனில் செயலியை மட்டும் இறக்கிக் கொடுத்தால் இதே பலன் வரும் என்று அந்த ஆய்வு சொல்லவே இல்லை.

நம் தமிழ்நாட்டு ஆய்வு ஒன்றும் இப்படித்தான் தவறாகச் சுற்றக்கூடும். கொரோனாவுக்குப் பிறகு கிராமப்புறத்தில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைப் பார்த்து, 2019-இல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். பள்ளி மூடியிருந்ததால் ஏற்பட்ட கற்றல் இழப்பில், பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. தன்னார்வலர்கள் மாலையில் பாடம் சொல்லித்தரும் அரசுத் திட்டமான இல்லம் தேடிக் கல்வியின் பங்கு அந்த மீட்சியில் கால்வாசி அளவுக்கு. இரண்டு வரியையும் ஒன்றாக்கி, 'இல்லம் தேடிக் கல்வியால் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது' என்று எழுதினால் பெரும்பகுதி வேலையைச் செய்த பள்ளிக்கூடம் காணாமல் போய்விடுகிறது.

மருத்துவ ஆய்வென்றால் இன்னொரு வேலை பாக்கி. கட்டுரையில் சிடிஆர்ஐ என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். சிடிஆர்ஐ என்பது 2007-இல் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தொடங்கிய இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு, யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். பதிவேட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே ஆய்வு தொடங்கும் முன் பதிவானதா, பிறகு பதிவானதா என்று போட்டிருக்கும். 2018 ஏப்ரலிலிருந்து முன்கூட்டிப் பதிவதை மட்டுமே ஏற்கிறார்கள். அப்புறம் முதன்மை அளவீடு, அதாவது பலனை முக்கியமாக எதை வைத்து அளப்போம் என்று சொன்னது, என்ன என்று பதிவேட்டிலும் கட்டுரையிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று மாதச் சர்க்கரை அளவைப் பார்ப்போம் என்று பதிந்துவிட்டு, கட்டுரையில் இடுப்புச் சுற்றளவைப் பற்றிப் பெருமையாக எழுதியிருந்தால், சொன்ன இடத்தில் பலன் வரவில்லையோ என்று சந்தேகப்பட உங்களுக்கு உரிமை உண்டு. முதுநிலை மாணவரின் ஆய்வேடா என்ற தகவலும் அங்கேயே இருக்கும். அப்படியென்றால் ஒரே மருத்துவமனை, குறைந்த ஆட்கள், குறுகிய காலம் என்று எதிர்பார்க்கலாம். அதை மட்டும் வைத்து மருந்தை மாற்ற வேண்டாம்.

உங்களையே ஆய்வில் சேரச் சொன்னால்? ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள், கையெழுத்திட்ட பிரதி ஒன்றை வாங்கி வையுங்கள். புதிய மருந்துச் சோதனையில் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும், சோதனையால்தான் வந்தது என்றால் இழப்பீடும் 2019 விதிகளில் இருக்கின்றன. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. பிள்ளைகளை வைத்துப் பள்ளியில் நடக்கும் ஆய்வென்றால் தலைமையாசிரியர் அனுமதி கொடுத்தார் என்பது பெற்றோரின் சம்மதம் ஆகாது, 7 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடமும் தனியாகக் கேட்க வேண்டும் என்கிறது ஐசிஎம்ஆர் வழிகாட்டுதல். படிவத்தில் எத்திக்ஸ் கமிட்டியின் (ஆய்வுக்கு அனுமதி கொடுத்து, பங்கேற்பவரின் நலனைக் கவனிக்கும் குழு) தொலைபேசி எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அது வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.