மூன்று வார லீவில் பல் கட்டப் போகிறீர்களா?

ஊருக்குப் போகிற கையோடு பல்லையும் கட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் நிறையப் பேர். லண்டனிலும் டொரொன்டோவிலும் கேட்கிற விலைக்கு அந்தக் கணக்கில் தப்பில்லை. ஆனால் இம்ப்ளாண்ட் என்றால் காசுக்கணக்கை விட நாள்கணக்குதான் இடிக்கும். டிக்கெட் போடும் முன்பே அதைப் பார்த்துவிடுங்கள்.

இம்ப்ளாண்ட் என்பது தாடை எலும்புக்குள் முறுக்கி இறக்கும் டைட்டானியம் திருகு. இறக்கிய அன்று அதை நிறுத்துவது மரையின் இறுக்கம் மட்டுமே. அப்புறம் சுற்றியுள்ள பழைய எலும்பு கொஞ்சம் கரைந்து, புது எலும்பு வளரும். பழைய பிடி தளர்ந்து, புதுப் பிடி முற்றாத அந்த இடைக்காலம் பெரும்பாலும் மூன்றாம், நான்காம் வாரத்தில் வரும். அதாவது, நீங்கள் திரும்ப விமானம் ஏறுகிற வாரம்!

அதைச் சமாளிக்கத்தான் திருகின் மேற்பரப்பில் இத்தனை வேலைப்பாடு. சுவீடனில் 1965இல் பிரோனமார்க் என்ற ஆய்வாளர் முதல் நோயாளிக்கு வைத்த திருகுகள் கடைசலில் கடைந்தபடி வழவழப்பானவை. அந்தக் காலத்தில் கீழ்த்தாடைக்கு மூன்று மாதம், மேல்தாடைக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். இப்போது துகள்களைப் பீய்ச்சியடித்து, அமிலத்தில் அரித்துச் சொரசொரப்பாக்குகிறார்கள். மேடுபள்ளம் 1 முதல் 2 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கண்ணுக்கு மங்கிய சாம்பல் நிறமாக மட்டும் தெரியும். அந்தப் பள்ளங்களில் ரத்தம் உறைந்து பிடித்துக்கொள்ள, எலும்பு செல்கள் திருகின் மேலேயே வந்து எலும்பு கட்டும். எலும்பு நன்றாக இருந்தால் 6 முதல் 8 வாரத்தில் திருகின் மேல் கேப், அதாவது வெளியே தெரியும் செயற்கைப் பல், மாட்டலாம். சொரசொரப்பு கூடக்கூட நல்லது என்று நினைக்காதீர்கள். ஈறு இறங்கித் திருகு வெளியே தெரிந்தால் கிருமியும் அதே பள்ளங்களில்தான் குடியேறும்.

வடிவத்துக்கும் பங்கு உண்டு. மேல்தாடைக் கடைவாய் எலும்பு மென்மையானது. அங்கே நுனி குறுகி, மரை ஆழமாக வெட்டிய திருகு நன்றாகப் பிடிக்கும். கெட்டியான எலும்பில் அதையே வலிந்து இறுக்கினால் எலும்பு நசுங்கும்.

"மூன்றே நாளில் பல்" விளம்பரம் முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். பல திருகுகளை ஒன்றாகப் பிணைத்து, முதல் நாளே பிடி உறுதியாக இருந்தால் செய்கிறார்கள். மென்மையான எலும்பில் ஒற்றைக் கடைவாய்ப் பல்லுக்கு அந்த அவசரம் வேண்டாம். "டாக்டர், ஐஎஸ்கியூ எவ்வளவு?" என்று கேளுங்கள். திருகின் அதிர்வை வைத்துப் பிடியை அளக்கும் எண் அது. 70க்கு மேல் என்றால் தைரியமாக இருக்கலாம். 60க்குக் கீழே என்றால் பொறுத்திருக்க வேண்டும்.

ஆகவே இரண்டு பயணமாகப் போடுங்கள். இறங்கிய முதல் வாரமே ஸ்கேன் எடுத்துத் திருகு வைத்தால், தையல் பிரித்துப் புண் ஆறுவதைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். கேப் அடுத்த பயணத்தில். மேல்தாடைக்கு மேலே உள்ள சைனஸ் என்ற காற்றறைக்கு அடியில் எலும்பு ஏற்றினால் விமானம் ஏற எத்தனை நாள் ஆகவேண்டும் என்று முன்பே கேளுங்கள். சர்க்கரை, எலும்புத் தேய்மான மருந்து, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, சிகரெட் எதையும் மறைக்காதீர்கள்.

திருகு வரும் பெட்டியில் கம்பெனி, அளவு, லாட் எண் அச்சிட்ட சிறு ஸ்டிக்கர் இருக்கும். அதை ஒரு அட்டையில் ஒட்டித் தரச் சொல்லி, போனிலும் படம் எடுத்து வையுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி உதிரிபாகம் மாறும். நாளை நீங்கள் வசிக்கும் நாட்டில் ஏதாவது தளர்ந்தால் உங்கள் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். ஸ்டிக்கர் தரத் தயங்குகிற கிளினிக் என்றால் அடுத்த கிளினிக்கைப் பாருங்கள்.