லெப்பர்ட் கெக்கோ வளர்க்கிறீங்களா, ஒரு ஈர டப்பா கண்டிப்பா வைங்க

பாலைவனத்து பல்லிதானேன்னு டேங்க் முழுக்க காய விட்றாதீங்க. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கம் பாறை இடுக்குல இருக்குற ஜீவன் இது, வெளிய எவ்வளவு காஞ்சு கிடந்தாலும் அது பதுங்குற பொந்துக்குள்ள கொஞ்சம் ஈரம் இருக்கும். அந்த ஈரம் இல்லன்னா தோல் உரியும்போது கால் விரல்ல நூல் சுத்துன மாதிரி ஒட்டிக்கும், அப்படியே இறுகி ரத்த ஓட்டம் நின்னு விரலே போயிடும், என்னோடதுக்கு ஒரு விரல் அப்படித்தான் போச்சு, இன்னும் மனசு கேக்கல.

பழைய பிளாஸ்டிக் டப்பாவுல உள்ள நுழையுற அளவு ஓட்டை போட்டு, ஓரத்த நல்லா தேச்சுட்டு, பிழிஞ்ச ஈர டிஷ்யூவ போட்டு சூடான பக்கமா வைங்க. டிஷ்யூவ அடிக்கடி மாத்துங்க, பூஞ்சை பிடிக்கும். உடம்பு வெளிறிப் போனா தோல் உரியப் போகுதுன்னு அர்த்தம், முடிஞ்சதும் ஒவ்வொரு விரலா பாருங்க. ஒட்டியிருந்தா வெதுவெதுப்பான தண்ணில கால் நனையுற அளவு பத்து நிமிஷம் நிக்க வச்சு காட்டன் பட்ஸால மெல்ல உருட்டி எடுங்க, காஞ்ச தோல பிடிச்சு இழுக்கவே கூடாது.

சூடான பக்கம் தரை 32 டிகிரி, மறுபக்கம் 24, 25 போதும். டேங்க்க அடியிலேர்ந்து சூடாக்குற ஹீட் மேட்டுக்கு, சூட்ட கட்டுப்படுத்துற தெர்மோஸ்டாட் இல்லாம சுவிட்ச் போடாதீங்க, வயிறு வெந்துடும். குட்டிக்கு மணல் வேணாம், முழுங்கிடும்.