சூரியகாந்தி விதை எண்ணெயைச் சருமத்திற்குப் பயன்படுத்தும் முறை

சூரியகாந்தி விதை எண்ணெயின் பயனுக்கு முதன்மையான காரணம் அதிலுள்ள லினோலியிக் அமிலம். நம் உடலால் உருவாக்க இயலாத இந்தக் கொழுப்பு அமிலம், சருமத்தின் மேலடுக்கில் செல்களுக்கு இடையே நிறைந்து நீர் வெளியேறாமல் காக்கும் செரமைடுகளில் ஒரு வகையின் பகுதியாக அமைகிறது. எண்ணெயில் நீர் கிடையாது. எனவே அது சருமத்திற்கு ஈரத்தைத் தருவதில்லை, அங்கிருக்கும் ஈரத்தைப் போகவிடாமல் பிடித்து வைக்கிறது.

படி 1: எண்ணெயைத் தேர்ந்தெடுத்தல்

இதில் அவசரம் கூடாது, ஏனெனில் ஒரே பெயரில் இரு வேறு எண்ணெய்கள் உள்ளன. வழக்கமான வகையில் லினோலியிக் அமிலம் ஏறத்தாழ 50 முதல் 70 சதவீதம் வரை இருக்கும். உயர் ஓலியிக் வகையிலோ ஓலியிக் அமிலம் என்ற வேறொரு கொழுப்பு அமிலமே 75 சதவீதத்தைத் தாண்டிவிடுவதால், நாம் தேடும் பொருளுக்கு அதில் இடம் மிகக் குறைவு. மேலும், ஓலியிக் அமிலம் மிகுந்த எண்ணெய் சருமத்தின் தடுப்பு அடுக்கைத் தளர்த்தக்கூடும். சமையல் எண்ணெய்ப் புட்டியானால், ஊட்டச்சத்து அட்டவணையில் மோனோ அன்சாச்சுரேட்டட் கொழுப்பைவிட (ஓலியிக் அமிலம் இவ்வகை) பாலி அன்சாச்சுரேட்டட் கொழுப்பு (லினோலியிக் அமிலம் இவ்வகை) அதிகமாக உள்ளதா என்று பார்த்தால் போதும். சுத்திகரிக்கும்போது வைட்டமின் ஈ ஓரளவு குறையுமே தவிர, லினோலியிக் அமிலத்தின் அளவு பெரிதாக மாறுவதில்லை. ஆகவே அழகான சிறு புட்டியில்தான் வாங்க வேண்டும் என்பது என் கருத்தன்று.

படி 2: ஒவ்வாமைச் சோதனை

முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளி தடவி, 48 மணி நேரம் காத்திருந்து, அரிப்போ சிவப்போ தோன்றுகிறதா என்று கவனியுங்கள். சூரியகாந்தி விதை ஒவ்வாதவர்கள் இந்தச் சோதனையையும் செய்ய வேண்டாம்.

படி 3: பூசுதல்

முகத்தைக் கழுவி, துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் முற்றிலும் காய்வதற்குள் 3 அல்லது 4 துளி எண்ணெயை உள்ளங்கையில் பரப்பி, தேய்க்காமல் மெல்ல அழுத்திப் பூசுங்கள். காய்ந்த தோலில் தடவினால் பளபளப்பு மட்டுமே மிஞ்சும். மாய்ஸ்சரைசர் பூசும் வழக்கமுள்ளவர்கள் அதன் மேல் இதைப் பூசலாம். இரவு நேரமே ஏற்றது. பகலில் பூசினால் சன்ஸ்கிரீன் சீராகப் படியாமல் போகலாம், எண்ணெயோ சன்ஸ்கிரீனுக்கு மாற்றாகாது. முகப்பரு கூடினாலோ எரிச்சல் வந்தாலோ நிறுத்திவிடுங்கள். வெடித்துக் கசியும் புண்ணுக்கு மருத்துவரே தேவை.

படி 4: பாதுகாத்தல்

லினோலியிக் அமிலத்தின் இரட்டைப் பிணைப்புகள் காற்றும் வெளிச்சமும் பட்டால் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும். ஆகவே, ஒரு மாதத்திற்கு வேண்டிய அளவை மட்டும் அடர்நிறக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி இறுக மூடி, அடுப்பருகே அல்லாமல் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். சிக்கு வாடை அடிக்கத் தொடங்கிய எண்ணெய் சருமத்தை உறுத்தும் என்பதால், புட்டியில் பாதி மீதமிருந்தாலும் அதை முகத்திற்குப் பயன்படுத்தாதீர்கள்.