சங்கிலியில் தொடங்குங்கள்: கூப்பர் 500 போல ஒரு குட்டி ரேஸ் கார்

தக்கலையில் எனக்கு வெல்டிங் பட்டறை. பகலில் கேட்டும் கிரில்லும். ராத்திரி கடை அடைத்தபிறகு மூன்று வருடமாகக் கட்டிய கார் இது. கட்டும் முறை கூப்பர் 500 என்ற பழைய ரேஸ் காரின் கதையிலேயே இருக்கிறது, அதனால் முதலில் கதை.

1946-ல் இங்கிலாந்தின் சர்பிட்டனில் கராஜ் வைத்திருந்த சார்லஸ் கூப்பரும் மகன் ஜானும் ஃபியட் டோப்பொலினோ என்ற குட்டி இத்தாலியக் கார் இரண்டின் முன்பாதியை எடுத்து, முதுகோடு முதுகு சேர்த்து வெல்டு வைத்தார்கள். எஞ்சின் ஜேஏபி கம்பெனியின் 500 சிசி, மோட்டார் சைக்கிளுக்கானது. சங்கிலியால் பின்சக்கரத்தைச் சுற்ற வேண்டும் என்பதால் எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால் போனது. அவ்வளவு எளிய காரணம்! அதே கம்பெனியின் பின்எஞ்சின் காரில்தான் ஜாக் பிராபம் 1959, 1960 இரண்டு வருடமும் உலக சாம்பியன் ஆனார்.

நம் ஊரில் டோப்பொலினோ கிடைக்காது, மாருதி 800 கிடைக்கும். இரண்டு வண்டியின் முன்பக்கச் சாமான்களை வாங்குங்கள். ஒன்று முன்னால், ஒன்று பின்னால். பின்னால் போவதில் சக்கரத்தைச் சுற்றும் தண்டு, அதாவது டிரைவ் ஷாஃப்ட், ஏற்கெனவே இருக்கிறது. அதன் ஸ்டியரிங் கம்பிகளை ஃபிரேமோடு அசையாமல் பூட்டிவிடுங்கள். எஞ்சினுக்குப் பழைய புல்லட் 500, கியர் பாக்ஸோடு.

இனி முக்கியமான விஷயம். ஃபிரேமை முதலில் வெல்டு வைக்காதீர்கள். நான் வைத்தேன். எஞ்சினை இறக்கியபோது இரண்டு பல்சக்கரமும் நாலு மில்லி விலகி நின்றன. பரவாயில்லை என்று ஓட்டியதில் சங்கிலி கழன்று எஞ்சின் கேஸை உடைத்தது. சங்கிலி அறுந்தால் அது உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் பறக்கும், ஓர்மை இருக்கட்டும். அதனால் எஞ்சினையும், இரண்டு பேரிங்குக்கு நடுவே பின் பல்சக்கரம் மாட்டி டிரைவ் ஷாஃப்டுகளைச் சுற்றப்போகும் தண்டையும் தரையில் கட்டை வைத்து நிறுத்துங்கள். முன்பல்லிலிருந்து பின்பல்லுக்கு நூல் பிடித்துப் பாருங்கள். நூல் இரண்டின் முகத்திலும் ஒட்டி ஓட வேண்டும். பிறகு 3 மில்லி கனமுள்ள பாக்ஸ் பைப்பை அதைச் சுற்றி வெட்டிச் சேருங்கள். முதலில் புள்ளி வெல்டு மட்டும். மறுபடி நூல். அப்புறம் முழு வெல்டு, பையப் பைய, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி. ஒரே பக்கம் சூடேற்றினால் பைப் வளைந்து நூல் விலகும். சங்கிலிக்கு மேல் கனத்த தகட்டில் மூடி கண்டிப்பாக வேண்டும்.

வளைவில் இரண்டு பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுவது டிஃபரன்ஷியல். கூப்பரில் அது கிடையாது, இதிலும் வேண்டாம். வளைவில் வண்டி நேராக இழுக்கும், மண்தரையில் சமாளிக்கலாம்.

மாருதி ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண், உயரமாக நின்று அழகைக் கெடுக்கும். கழற்றிவிட்டு, கூப்பரில் இருந்ததுபோலக் குறுக்கே ஒரு பட்டை ஸ்பிரிங் போடுங்கள். லாரிக்குப் பட்டை அடிக்கும் பட்டறையில் அளவு கொடுத்தால் செய்து தருவார்கள். முன்சக்கரம் திரும்ப வேண்டும் என்பதால் முன்பக்கம் அதன் நுனியில் எல்லாப் பக்கமும் அசையும் பால் ஜாயிண்ட், பின்பக்கம் புஷ் போதும். பிரேக்கில் மட்டும் பழசு வேண்டாம். டிஸ்க், பேட், ஹோஸ் எல்லாம் புதிது.

எஞ்சின் காற்றில் குளிர்வது, நம் முதுகு காற்றை மறைக்கும். பாடியின் இரு பக்கமும் காற்று வாய் வெட்டுங்கள். வெல்டு வைத்த அன்றே ரெட் ஆக்சைடு அடித்து, பைப் வாயை மூடிவிடுங்கள். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் கடல்காற்றும் சேர்ந்து பைப்பை உள்ளிருந்தே தின்னும்.

இது ரோட்டுக்கான வண்டி இல்லை. நான் ஓட்டுவது தோவாளைப் பக்கம், வேலை நின்றுபோன ஒரு செங்கல் சூளை மைதானத்தில், உடையவரிடம் அனுமதி கேட்டு. போகும்போதெல்லாம் முதலில் எடுப்பது அந்த நூல்தான்.