மூன்று மாதம் காத்திருக்கச் சொன்னீர்களா?

குடும்பநலப் பிரிவில் ஆலோசனை சொல்லப் புதிதாக வரும் செவிலியர்கள், அதே நாற்காலியில் நாங்கள் உட்கார்ந்த புதிதில் செய்த தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். மாத்திரையை மறப்பது, காலாவதியான ஆணுறையை எடுப்பது ஆகியவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் உறையிலேயே அச்சிட்டிருக்கிறது.

மாலா-என் அட்டையின் கடைசி ஏழு

இந்தக் கருத்தடை மாத்திரை அட்டையின் 28 மாத்திரைகளில் கடைசி ஏழும் இரும்புச்சத்து மாத்திரைகள்தான். அவற்றில் ஒன்றைத் தவறவிட்டதற்காக அழுதுகொண்டு வருபவர்கள் உண்டு. அதனால் ஒன்றும் ஆகாது. அடுத்த அட்டையை நாள் தள்ளித் தொடங்குவதுதான் ஆபத்து. அதை யாரும் சொல்வதில்லை.

தாய்ப்பாலை நம்புவது

பால் கொடுக்கும்வரை கரு தங்காது என்று நம்பலாம். ஆனால் குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருக்கக் கூடாது, மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது, பாட்டி பாசத்தோடு பசும்பாலோ கஞ்சியோ புகட்டத் தொடங்கியிருக்கக் கூடாது. மூன்றில் ஒன்று தவறினாலும் வேறு முறைக்கு மாறிவிட வேண்டும்.

ஆண் கருத்தடை முடிந்த அன்றே கவலை தீர்ந்தது என்று அனுப்பிவைப்பது

இதை நினைத்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் தாங்களே கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டதாகச் சொன்னவர்கள் 0.3 சதவீதம். ஆண்மை போய்விடும், பாரம் தூக்க முடியாது என்ற பயத்தையெல்லாம் தாண்டி வரும் அந்த ஒருவரையாவது ஒழுங்காகச் சொல்லி அனுப்ப வேண்டாமா?

பெண்ணுக்குக் கருக்குழாயை அடைத்தால் பாதுகாப்பு உடனே தொடங்கிவிடும். ஆணுக்கும் அப்படித்தான் என்று நினைப்பதில்தான் குழப்பமே. விந்துக்குழாயை வெட்டிக் கட்டினாலும், கட்டுக்கு அப்பால் ஏற்கெனவே வந்து சேர்ந்த உயிரணுக்கள் அங்கேயே இருக்கும். அவை வெளியேற ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறையோ மனைவிக்கு வேறு முறையோ கட்டாயம். பிறகு விந்துப் பரிசோதனை. உயிரணு ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தால்தான் சான்றிதழ். இருந்தால் ஆணுறையைத் தொடர்ந்து, மறுபடி பரிசோதனை.

ஒரு பெண்ணை அவளுடைய அண்ணன் அழைத்துவந்தார். கணவர் தழும்பில்லாத கருத்தடை செய்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, இவளுக்குக் கரு தங்கிவிட்டது. மாமியார் வீட்டில் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். யாருடைய பிள்ளை என்று கணவரே கேட்டிருக்கிறார். அவரை வரவழைத்துப் பரிசோதித்தோம். நுண்ணோக்கியின் கீழ் உயிரணுக்கள் நன்றாகவே நீந்திக்கொண்டிருந்தன. வேறோர் இடத்தில் அவருக்குக் கொடுத்திருந்த சீட்டில் கனமான பொருள் தூக்காதீர்கள், தையல் இல்லை, பயப்பட வேண்டாம் என்பதோடு சரி. ஆணுறை பற்றி ஒரு சொல் இல்லை. சொல்லாமல் விட்டவர் ஒருவர், பழி சுமந்தவள் இன்னொருத்தி. கணவர் சமாதானமாகிவிட்டார். அந்த ஊரிலிருந்து அதன் பிறகு எந்த ஆணும் கருத்தடைக்கு வரவில்லை.

“ஆண்களிடம் இதையெல்லாம் பேசக் கூச்சமாக இருக்கிறது, அக்கா” என்கிறார்கள் புதியவர்கள். கூச்சமாக இருந்தால் எழுதிக் கொடுங்கள். மனைவியையும் உட்காரவைத்துப் பரிசோதனைத் தேதியைச் சொல்லுங்கள். ஆணுறைகளைக் கையில் கொடுத்தே அனுப்புங்கள். பரிசோதனைக்குப் பிறகும் வெட்டிய குழாய் அபூர்வமாகத் தானே இணைவதுண்டு. ஆகவே எப்போது கரு தங்கினாலும், மனைவியைக் கேள்வி கேட்பதற்கு முன் கணவர் பரிசோதனைக்கு வர வேண்டும் என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

ஆணுறையோடு தேங்காய் எண்ணெய்

ரப்பர் பிய்ந்துவிடும். வேண்டாம்.

அந்தரா ஊசி

மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் நல்ல கருத்தடை ஊசிதான். ஆனால் நிறுத்திய பிறகு கரு தங்கப் பல மாதங்கள் ஆகலாம். அடுத்த வருடமே குழந்தை வேண்டும் என்பவருக்கு இதைப் போடுவதற்கு முன்பு அதைச் சொல்லுங்கள். கருப்பையில் வைக்கும் காப்பர் டி என்றால் எடுத்ததுமே கரு தங்க வாய்ப்புண்டு.