செயின்சா ஏன் நின்றது? பழைய இயந்திரத்தைச் சீரமைக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய இரும்புக் கடையிலோ எஸ்டேட் ஏலத்திலோ கிடைத்த, மரம் அறுக்கும் செயின்சாவை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பலர் செய்யும் முதல் வேலை, புது பிளக்கைப் போட்டு, பெட்ரோலை ஊற்றி, ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்துப் பார்ப்பதுதான். சிலசமயம் ஓடியும் விடுகிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை யாரும் மூலையில் போட்டுவைப்பதில்லை என்பதை அந்த உற்சாகத்தில் மறந்துவிடுகிறோம். ஏதோ ஒன்று கெட்டதால்தான் அது நின்றது. அது எது என்று அறியாமல் மறுபடி ஓட்டினால், காப்பாற்றியிருக்கக்கூடிய பிஸ்டனும் சிலிண்டரும் பத்து நிமிடத்தில் போய்விடும்.

கயிற்றைத் தொடுவதற்கு முன் சைலன்சரைக் கழற்றுங்கள். பெரும்பாலான மாடல்களில் இரண்டு மூன்று போல்ட்டுகள்தான். புகை வெளியேறும் துளையில் டார்ச் அடித்துப் பார்த்தால் பிஸ்டனின் பக்கவாட்டு தெரியும். புகைத்துளைப் பக்கம் மட்டும் நெடுக்குக் கீறல்கள் இருந்தால், பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவையில் சூடேறி உரசியிருக்கிறது என்று பொருள். சுற்றிலும் கீறியிருந்தால், ஆயில் கலக்காத பெட்ரோலை யாரோ ஊற்றியிருக்கக்கூடும். கார்புரேட்டர் பக்கம் மட்டும் பளபளப்பு போய்ச் சாம்பல் நிறத்தில் தேய்ந்திருந்தால், கிழிந்த ஏர் ஃபில்டர் வழியாக மரத்தூள் உள்ளே போயிருக்கிறது. நோய் எது என்பதைப் பெரும்பாலும் பிஸ்டனே சொல்லிவிடும்.

இதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றில் நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்களை வெட்டிவந்த ஒரு பழைய செயின்சாவை, பிஸ்டன் ஜாம் ஆன நிலையில் வாங்கினேன். புதுப் பிஸ்டனும் ரிங்கும் போட்டேன். முதல் இழுப்பிலேயே ஓடியது. மூன்றாவது கட்டையை அறுக்கும்போது, கை வைக்காமலே வேகம் தானாக ஏறி, ஒரு கீச்சொலியோடு நின்றது. புகைத்துளையில் பார்த்தபோது முந்தைய பிஸ்டனில் இருந்த அதே கீறல்கள், அதே இடத்தில்.

குற்றவாளி, பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்கின் ஒரு முனையில், கசிவைத் தடுக்க இருந்த ரப்பர் வளையம், அதாவது ஆயில் சீல். டூ-ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் அறையும் பெட்ரோல் கலவை செல்லும் பாதைதான். பிஸ்டன் மேலே போகும்போது அந்த அறை கலவையை உறிஞ்சுகிறது. இறுகிப்போன சீலின் ஓரமாகக் காற்றும் கூடவே நுழைந்தால், கலவையில் பெட்ரோல் குறைகிறது, அதோடு வந்து சேரவேண்டிய ஆயிலும் குறைகிறது. கார்புரேட்டரை எவ்வளவு திருகினாலும் இது தீராது. என்னைக் கேட்டால், வீட்டுப் பட்டறைகளில் நடக்கும் தவறுகளில் மிகப் பெரியது, காற்றுக்கசிவைச் சோதிக்காமல் என்ஜினை மூடுவதுதான்.

சோதிப்பதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. கார்புரேட்டர் பொருந்தும் இடத்தையும் புகைத்துளையையும் ரப்பர் தகடு வைத்து அடைத்துவிட்டு, பிளக் துளையில் ஒரு குழாயைப் பொருத்தி, ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவியின் கைப்பம்பால் காற்றடிக்கலாம். அதன் முள் காட்டும் 300 என்ற அளவு சுமார் 0.4 பார் அழுத்தத்துக்குச் சமம். இந்த வேலைக்கு அது போதும். அதற்கு மேல் கம்ப்ரஸரை வைத்து அடித்தால் நல்ல சீலும் பிதுங்கி வெளியே வந்துவிடும். முள் இறங்கினால் சோப்புத் தண்ணீரைத் தடவிக் குமிழி வரும் இடத்தைப் பாருங்கள். பலர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சீலின் உதடு உள்நோக்கி இருப்பதால், அழுத்தத்தில் அது தண்டோடு இறுகி ஒட்டிக்கொண்டு, உறிஞ்சும்போது மட்டும் கசியக்கூடும். எனவே காற்றை உறிஞ்சும் முள்ளுள்ள வேறு கைப்பம்பால் (வேக்குவம் பம்ப்) உறிஞ்சியும் பார்க்க வேண்டும். நான் மாற்றிய சீல், காற்றடித்தபோது அசையவே இல்லை. உறிஞ்சிய உடனேதான் முள் சரிந்தது.

சிலிண்டரைச் சுத்தம் செய்வதில் அடுத்த அவசரம். உள்சுவரில் கோடுகள் தெரிந்ததும் எமரித் தாளையோ ஹோனிங் கல்லையோ எடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலான செயின்சா சிலிண்டர்கள் அலுமினியத்தால் ஆனவை. உள்ளே மிக மெல்லிய குரோம் அல்லது நிக்கல்-சிலிக்கான் கார்பைடு பூச்சு இருக்கும். கோடுகளாகத் தெரிபவை பல நேரம் பூச்சின் மேல் ஒட்டிய பிஸ்டன் அலுமினியமே. கழிவறை ஆசிட்டை அதன் மேல் மட்டும் பஞ்சால் தொட்டுவைத்தால் நுரைத்துக் கரையும். ஆனால் அந்த ஆசிட் குரோமையும் அரிக்கும். துளைகளின் விளிம்பில் வெற்று அலுமினியம் இருந்தால் அதையும் தின்னும். பூச்சு எந்த வகை என்று தெரியாவிட்டால் ஆசிட்டைத் தொடாமல், மெல்லிய நைலான் தேய்ப்பானால் பொறுமையாகத் தேய்ப்பதே மேல். துடைத்த பிறகு நகத்தால் தடவும்போது நகம் மாட்டினால் அந்தச் சிலிண்டரின் ஆயுள் முடிந்தது.

ஆயில் விஷயத்தில் நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு: டிவிஎஸ் 50 ஓட்டிய கைக்குத் தெரியும், கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் என்ஜினுக்கு நல்லது என்று. கூட்டி ஊற்றிய ஆயில், கார்புரேட்டரின் சிறு துளையான ஜெட் வழியாகப் போகும் பெட்ரோலின் பங்கைக் குறைக்கிறது. கலவை இன்னும் மெலிந்துவிடுகிறது. பழைய இயந்திரத்தின் மேல் 25:1 என்று எழுதியிருந்தால் அது லிட்டருக்கு 40 மில்லி. இன்றைய நல்ல டூ-ஸ்ட்ரோக் ஆயிலுக்குப் பரவலாகச் சொல்லப்படும் 50:1 லிட்டருக்கு 20 மில்லி. எதைப் பின்பற்றினாலும், அளந்து கலந்து, அந்தக் கலவைக்கு ஏற்பவே கார்புரேட்டரைச் சீர்செய்ய வேண்டும். முழு வேகத்துக்கான பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் எச் திருகை உள்ளே இறுக்கினால் வேகம் ஏறுவது காதுக்கு இனிமையாக இருக்கும். அது பிஸ்டனைச் சுடும் இனிமை. மரத்தைத் தொடாமல் முழு வேகத்தில் ஓடுகையில் சற்றுத் தடுமாறி உறுமுவதும், மரத்தில் இறங்கியதும் அந்த உறுமல் சீராவதும்தான் சரியான அடையாளம்.

கார்புரேட்டரை முழுதாகத் தின்னரில் ஊறப்போடுவது, ஜெட் துளையில் கம்பியை விடுவது இரண்டும் வேண்டாம். அதனுள் இருக்கும் மெல்லிய சவ்வான டயாபிரம் பழையதாகி இறுகியிருந்தால் சுத்தம் செய்வதால் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். பேக்கிங் எந்தப் பக்கம், டயாபிரம் எந்தப் பக்கம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். கழற்றும்போதே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பல மாடல்களில் கிளட்ச் இடப்புறத் திருகாக இருக்கும். வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் சுத்தியலால் அடித்துக் கிராங்கை வளைத்தவர்கள் உண்டு. கிராங்க் சுழலாமல் பிடிக்க, பிளக் துளையில் போல்ட்டை விடாமல் நைலான் கயிற்றை விடுங்கள். அதுவும் பிஸ்டன் மேலேறிப் புகைத்துளையை மூடிய பிறகு. முன்பே விட்டால் கயிறு துளையில் சிக்கி நறுக்கப்படும். உடற்பகுதி பலவற்றில் மக்னீசியம் என்பதால், இறுகிய திருகை முரட்டுத்தனமாகத் திருகினால் மரையே வழிந்துவிடும். அதன் தூளும் எளிதில் தீப்பற்றும், கிரைண்டர் வேண்டாம்.

பெயிண்டைக் கடைசியாக வையுங்கள். சிலிண்டர் செதில்களில் தடிமனாகப் பூசினால் சூடு வெளியேறாது.

சங்கிலியைப் பலர் அலட்சியமாக அரம் போடுகிறார்கள். இன்றைய சங்கிலிப் பல்லின் வடிவத்தை ஜோசப் காக்ஸ் என்ற அமெரிக்கர் 1940களில், மரத்தை இடமும் வலமுமாக மென்று செல்லும் வண்டுப் புழுவைப் பார்த்து உருவாக்கினார். இடப்பல்லும் வலப்பல்லும் ஒரே நீளத்தில் இல்லாவிட்டால், வெட்டு ஒரு பக்கமாக வளைந்தோடும். 0.325 அங்குலச் சங்கிலிக்கு 4.8 மில்லிமீட்டர் வட்ட அரம். பல்லின் முன்னுள்ள மேடு, அதாவது ஆழ அளவி, பல்லின் வெட்டுமுனையைவிடப் பொதுவாக 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். அதை மேலும் தேய்த்தால் சங்கிலி மரத்தைக் கவ்வி இழுத்து, ரம்பம் முகத்தை நோக்கித் துள்ளும் வாய்ப்பு கூடும். ஸ்டில் 070 போன்ற 106 சிசி ராட்சத இயந்திரங்களில் பொதுவாகச் சங்கிலியை நிறுத்தும் கைத்தடுப்பே கிடையாது. அவற்றுக்கு அந்த அளவியை 0.65 மில்லிமீட்டரிலேயே விட்டுவிடுங்கள், வெட்டு சற்று மெதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

வேலை முடிந்து அலமாரியில் வைக்கும்போது டேங்க்கைக் காலி செய்து, நிற்கும்வரை ஓடவிடுங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். சில மாதம் கிடந்தால் டயாபிரம் மறுபடி இறுகிவிடும்.